மூளைத் தமனிப் புடைப்புக்குச் சுருள் அடைப்பு

மூளைத் தமனியின் சுவர் ஓரிடத்தில் நைந்து பலூன்போல் உப்புவதே அனியூரிசம். வெடித்தால் மூளையைச் சுற்றி இரத்தம் பரவும். மண்டையோட்டைத் திறந்து புடைப்பின் கழுத்தில் கிளிப் மாட்டுவதே நெடுங்காலம் முதன்மைச் சிகிச்சையாக இருந்தது.

இத்தாலிய மருத்துவர் குவிடோ குலியெல்மி 1990இல் லாஸ் ஏஞ்சலிஸில் வேறு வழி காட்டினார். தொடைத் தமனியில் சிறு துளையிட்டு, எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடியே மெல்லிய குழாயைப் புடைப்புவரை செலுத்துகிறார்கள். அதன்வழியே பிளாட்டினச் சுருள் உள்ளே இறங்கிச் சுருண்டுகொள்கிறது. சரியாகப் பொருந்தாவிட்டால் திரும்ப இழுத்துவிடலாம். பொருந்தினால் சிறு மின்னோட்டம் பாய்ச்ச, இணைப்பு கரைந்து சுருள் கழன்றுவிடும். சாமர்த்தியமே இந்தக் கழற்றலில்தான்.

வெடித்த புடைப்புள்ள 2,143 பேரிடம் இரு முறைகளையும் ஒப்பிட்டு நடந்த ஐசாட் (ISAT) என்ற ஆய்வு 2002இல் வெளியானது. ஓராண்டு முடிவில் இறந்தவர்களும் பிறரைச் சார்ந்திருந்தவர்களும் சுருள் பிரிவில் 23.7%, கிளிப் பிரிவில் 30.6%.

ஒரு குறை உண்டு: நாளடைவில் சுருள் அமுங்கினால் புடைப்பில் மறுபடி இரத்தம் நிரம்பலாம். அதனால் தொடர் ஸ்கேன் தவிர்க்க முடியாதது.