தீட்டா, இம்சையா? சமணத்தில் மாதவிலக்கு

மாதவிலக்கு நாட்களில் சமணப் பெண்கள் பொதுவாகத் தீர்த்தங்கரர் திருமேனியைத் தொடுவதில்லை, பூசை செய்வதில்லை, துறவிகளுக்கு ஆகாரம் இடுவதில்லை. மனசுக்குள் மந்திரம் சொல்லத் தடையில்லை என்பார்கள். 'எல்லா வீட்டிலும் இருக்கிற தீட்டுதானே' என்று தோன்றும். ஆனா நூல்களைப் புரட்டினால் கதையே வேற.

திகம்பரர் போற்றும் குந்தகுந்தரின் சூத்திர பாகுடம், பெண்ணுக்கு முழுத்துறவு கிடையாது என்கிறது. அவள் உடலில் நுண்ணுயிர்கள் தோன்றுகின்றன, மாதவிலக்கால் அச்சமற்ற தியானம் கைகூடாது என்பவை அது சொல்லும் காரணங்களில் சில. பின்வந்தவர்கள் இதை விரித்து, உதிரத்தில் நுண்ணுயிர் மடிவதால் அது இம்சை என்றே வாதிட்டார்கள். அதாவது, தீட்டு இங்கே அகிம்சையின் மொழியில் பேசுகிறது.

சுவேதாம்பரர் இதை ஏற்கவில்லை. அவர்களுக்கு 19-ஆம் தீர்த்தங்கரர் மல்லியே ஒரு பெண். 9-ஆம் நூற்றாண்டில் யாப்பனீயரான சாகடாயனர், பெண்ணின் வீடுபேற்றுக்காகவே 'ஸ்த்ரீநிர்வாணப் பிரகரணம்' எழுதினார். பெண்மைக்கும் மும்மணிகளுக்கும் முரண் எங்கே இருக்கிறது என்பது அவர் வாதம்.

எனக்கு ஒரு கேள்வி. கவனமின்மையால் உயிரைப் போக்குவதே இம்சை என்கிறது, இரு பிரிவினரும் மதிக்கும் தத்துவார்த்த சூத்திரம். தானாக நிகழும் உதிரப்போக்கில் கவனமின்மை எங்கிருந்து வந்தது?

நம்மூருக்கு வருவோம். குந்தகுந்தர் தவமிருந்ததாக மரபு சொல்லும் பொன்னூர் மலை வந்தவாசிப் பக்கம். அதே வட்டாரத்து வேடலில், முதலாம் ஆதித்த சோழன் காலக் கல்வெட்டு ஒன்று கனகவீரக் குரத்தியார் என்ற பெண் துறவியைச் சொல்கிறது. அவரிடம் 500 மாணாக்கர். அவர்களைக் காத்துச் சோறிட ஊரார் பொறுப்பேற்கிறார்கள். கழுகுமலைக் கல்வெட்டுகளிலும் குரத்தியார் பெயர்கள் வரிசையாக வருகின்றன. வீடுபேறு இல்லை என்று சொன்ன மரபின் மண்ணில்தான் பெண் குருவானாள்!

இன்னொரு பக்கம், பெண்ணுக்கு வீடுபேறு உண்டு என்று வாதாடி நின்ற சுவேதாம்பரர் வீட்டுப் பெண்ணும் அந்த மூன்று நாள் கோயிலுக்கு வெளியேதான். தத்துவம் கதவைத் திறந்துவிட்டது. வழக்கம் இன்னும் தாழ்ப்பாளைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது. ஆகவே இந்த வழக்கத்தின் வேரைத் தத்துவ நூல்களில் மட்டும் தேடினால் கிடைக்காது என்றே நினைக்கிறேன்.