பபூனுக்கு வயது 2000

நடுவர் அவர்களே! எதிரணியில் அமர்ந்து என்னை முறைத்துக்கொண்டிருக்கிற இனிய நண்பர்களே! ராஜபாளையத்துப் பெருமக்களே! ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் பிடித்து வந்து, உள்ளூர்க்காரர்களுக்கு முன்னாலேயே முன்வரிசையைப் பிடித்துவிட்ட தாய்மார்களே!

‘மக்கள் மனத்தில் நீண்ட நாள் வாழ்பவன் கதாநாயகனா, கோமாளியா?’ இதுதான் தலைப்பு. எதிரணித் தலைவர் என்ன சொன்னாரு? “கோமாளி ஒரு ராத்திரிக்குச் சிரிக்க வைப்பான், நாயகன்தான் காலமெல்லாம் நிற்பான்”னாரு. ஐயா, உங்க நாயகன் ஐம்பது வருஷம் நின்னா அதிகம். அதுக்குள்ளே தலைக்கு மை, பல்லுக்கு செட்டு! எங்க ஆளுக்கு வயசு 2000. (சிரிப்பு) முதியோர் உதவித்தொகைக்கு மனுப் போட்டான்னா கிளார்க் மயக்கம் போட்டு விழுவார். “பிறந்த தேதி?” “தொல்காப்பியருக்கு முந்தி.” “சாட்சி யாருப்பா?” “அகத்தியர் சார். பொதிகைமலை வரைக்கும் போய்க் கூட்டிட்டு வரவா?” (சிரிப்பு, கைதட்டல்)

அவன் ஜாதகத்தைக் கொஞ்சம் புரட்டுவோம். தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடு சொல்கிறார். அதில் முதல் நாற்காலியை நகைக்குத்தான் போட்டிருக்கிறார். நாயகனுடைய பெருமிதம் எங்கே இருக்கு? ஆறாவது இடத்திலே!

ஏழாம் நூற்றாண்டுக்கு வாங்க. குன்றைக் குடைந்து கோயில் எடுத்த மகேந்திரவர்ம பல்லவன், வடமொழியிலே ‘மத்தவிலாசப் பிரகசனம்’ என்று ஒரு சிரிப்பு நாடகம் எழுதுகிறான். கதை காஞ்சிபுரத்தில் நடக்கிறது. குடிபோதையிலே ஒரு காபாலிகன் தன் கபாலத்தைத் தொலைத்துவிட்டு, பௌத்தத் துறவியைப் பிடித்து உலுக்குகிறான். கடைசியிலே பார்த்தால், தூக்கிக்கொண்டு போனது ஒரு நாய்! காவலுக்கு ராஜபாளையத்து நாய் ஒன்று நின்றிருந்தால் அது தொலைந்தே இருக்காது. நாடகமும் நமக்குக் கிடைத்திருக்காது. (கைதட்டல்) ராஜாவே உட்கார்ந்து கோமாளித்தனத்துக்கு வசனம் எழுதியிருக்கிறான் ஐயா!

அப்புறம் நம்ம ஆள் தெற்கே வருகிறான். பதினெட்டாம் நூற்றாண்டில், இதோ இருக்கிற குற்றாலத்தில், திரிகூடராசப்பக் கவிராயரின் குறவஞ்சிக்குள்ளே நுழைகிறான். முதலில் கட்டியக்காரனாக வருகிறான். பிறகு பறவை பிடிக்கிற சிங்கனுக்குத் துணையாக நூவன் என்று பெயரை மாற்றிக்கொண்டு வருகிறான். தோற்பாவைக்கூத்திலே அவனே உச்சிக்குடும்பன், அவனே உளுவத்தலையன். ராமாயணத்திலே வால்மீகி கொடுக்காத வேஷத்தைத் தானே எடுத்துக்கொண்டவன்!

ஆர்மோனியம் வந்த காலத்திலே அவனுக்கு இங்கிலீஷ் பெயரும் வந்தது. அதுதான் பபூன். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிய ‘வள்ளி திருமணம்’ ஸ்பெஷல் நாடகமாகப் போடுவாங்க. ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் ஓர் ஊர். ஒத்திகையே கிடையாது, மேடையிலேதான் சந்திப்பு. பங்குனி, சித்திரையிலே நம்ம பக்கத்துக் கிராமங்களில் பார்த்திருப்பீங்க. முதலில் மேடைக்கு வருவது முருகனா? இல்லை. பபூன்! முருகன் வருகிறவரைக்கும் ஊரை எழுந்து போகாமல் உட்கார வைக்கிறவன் அவன். தலையாரி முதல் தாசில்தார் வரைக்கும் எல்லாரையும் கேலி பண்ணுவான். கேலிக்கு ஆளானவரும் சேர்ந்து சிரித்தாக வேண்டும்.

எதிரணியிலே தியாகி விசுவநாததாஸைச் சொன்னாங்க. கையெடுத்துக் கும்பிடுகிறேன். பக்கத்திலே சிவகாசியிலே பிறந்தவர். நாடக மேடையிலே விடுதலைப் பாட்டுப் பாடிப் பலமுறை சிறைக்குப் போனவர். 1940-இல் சென்னையிலே முருகன் வேஷத்தோடு மேடையிலேயே உயிரை விட்டவர். அவர் பெயர் நமக்குத் தெரியும். அவரோடு ஊர் ஊராக மேடையேறிய பபூன்கள் பெயரைச் சொல்லுங்க பார்ப்போம்... (அமைதி)

அதுதான் ஐயா அவன் நீண்ட ஆயுளின் ரகசியம். ஒரே ஆள் 2000 வருஷம் வாழவில்லை. வந்தவன் எல்லாம் தன் பெயரைக் கழற்றி வைத்துவிட்டுத் தொப்பியை மாட்டிக்கொண்டான். தொப்பி பிழைத்தது, தலைகள் போய்ச் சேர்ந்தன. கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் (1908–1957) மாதிரி ஒருவருக்குத்தான் பெயரும் பட்டமும் நிலைத்தது.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் சந்நிதியிலே அரையரைப் பாருங்க. தலையிலே கூம்புத் தொப்பி, கையிலே தாளம். பாசுரம் பாடி அபிநயம் பிடிப்பார். நாதமுனிகள் தொடங்கி வைத்ததாகச் சொல்லும் ஆயிரம் ஆண்டு மரபு அது. அவருக்குக் கோயில் மரியாதை உண்டு. இருக்கத்தான் வேண்டும். கோயிலுக்கு வெளியே, பந்தலிலே தொப்பி போட்டவனுக்கு என்ன மரியாதை? நோட்டீஸிலே பெயரும் படமும் போடுகிறோம். மறுநாள் காலையிலே அதே நோட்டீஸிலே வடை மடித்துக் கொடுக்கிறோம். விடிய விடியச் சிரித்த ஊர், விடிந்ததும் அவன் குழாயடியிலே அரிதாரம் கழுவுகிறபோது “நீ யாருப்பா?” என்று கேட்கிறது.

ராஜபாளையத்து நாய்க்கு 2005-இல் தபால்தலை வெளியிட்டார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இரண்டுமே நியாயம். பபூனுக்கு நான் அவ்வளவு பெரிசாகக் கேட்கவில்லை. திருவிழாக் கணக்கு நோட்டிலே பந்தலுக்கு இவ்வளவு, பூவுக்கு இவ்வளவு என்று எழுதுகிறீர்களே, அதிலே ‘பபூன்’ என்று மட்டும் போடாமல், அவன் பெயரையும் ஊரையும் சேர்த்து எழுதுங்க. நூறு வருஷம் கழித்து என்னைப் போல ஒருவன் வந்து தேடினால், அவனுக்கு ஒரு பெயர் கிடைக்கட்டும்.

ஆகவே, மக்கள் மனத்தில் நீண்ட நாள் வாழ்பவன் கோமாளியே, கோமாளியே என்று கூறி அமர்கிறேன். (பலத்த கைதட்டல்)