முட்டுக்கட்டையின் பெருமை

முட்டுக்கட்டை போடுகிறவனை உலகம் மெச்சுவதில்லை. தேர்த் திருவிழாவில்கூட வடம் பிடிப்பவர்கள்தாம் கண்ணில் படுகிறார்கள். சக்கரத்தின் அடியில் கட்டையைச் செருகுகிறவனை யார் பார்க்கிறார்கள்? ஆனால் போடிநாயக்கனூரில் நின்று அந்த மலைச் சுவரை அண்ணாந்து பார்க்கும்போது, நான் அவன் கட்சியில் சேர்ந்துவிடுகிறேன். ஏலமும் தேயிலையும் விளைவது மேலே. சந்தையும் ரயிலும் கீழே. இந்த ஊரின் சரித்திரமே பாரம் இறக்கிய சரித்திரந்தான்.

1902-ல் மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு ஒற்றைத் தண்டவாளப் பாதை போட்டார்கள். 1908-ல் அது இரண்டடி அகலச் சிறு ரயிலாயிற்று. டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பி வடத்தில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கின. பிறகு மாட்டு வண்டியில் போடிக்கு வந்தன. 1924 வெள்ளம் அந்த ரயிலை அடித்துக்கொண்டு போயிற்று. 1928-ல் மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தது. இன்று போடிமெட்டு வளைவுகளில் லாரியும் ஜீப்பும் இறங்குகின்றன.

வாகனம் எதுவானாலும் இறக்கத்தில் கேள்வி ஒன்றுதான்: முன்னே இழுப்பதற்கும் பின்னே வருவதற்கும் உள்ள பிணைப்பு அறுந்தால், பின்னே வருவது நிற்குமா, ஓடுமா?

இந்தக் கேள்விக்கு உலகம் பெரிய விலை கொடுத்தது. 1889 ஜூன் 12-ல், அயர்லாந்தில் ஆர்மா என்ற ஊருக்கு அருகே, குழந்தைகள் நிறைந்த உல்லாச ரயில் ஒன்று மேட்டில் ஏற முடியாமல் நின்றது. பின்பெட்டிகளைக் கழற்றிவிட்டார்கள். கழற்றியதும் அவற்றின் வாக்குவம் பிரேக் செயலற்றுப்போயிற்று. கடைசிப் பெட்டியின் கைப்பிரேக்கும், சக்கரத்தடியில் வைத்த கற்களுமே துணை. அவை தாங்கவில்லை. பெட்டிகள் பின்னோக்கி ஓடி அடுத்த ரயிலில் மோதின. 80 பேர் மாண்டார்கள். குழாய் அறுந்தால் தானாகவே பிடிக்கும் பிரேக்கை வெஸ்டிங்ஹவுஸ் 1872-லேயே கண்டுபிடித்திருந்தார். அத்தகைய தானியங்கிப் பிரேக்கைப் பிரிட்டன் பயணி ரயில்களுக்குக் கட்டாயமாக்கியது, அந்த எண்பது உயிர்களுக்குப் பிறகுதான்.

மேல்நாடுகளில் கார்களின் பின்னே இழுக்கும் டிரெயிலர்கள் பலவற்றில் மின்சாரப் பிரேக் இருக்கிறது. மின்சாரம் வந்தால் காந்தம் சுழலும் டிரம்மைப் பற்றி, பிரேக் கட்டைகளை விரிக்கும். வராவிட்டால் சும்மா இருக்கும். ஆகவே கம்பி அறுந்தால் பிரேக்கும் போயிற்று! அதற்காகவே டிரெயிலரில் தனி பாட்டரியும் ஒரு முளையும் வைத்தார்கள். டிரெயிலர் கழன்றால், கயிறு முளையைப் பிடுங்கும். பாட்டரி பிரேக்கைப் போடும். குறைந்தது 15 நிமிஷமாவது பிடித்து நிற்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம்.

கோளாறு கண்டுபிடிப்பதிலும் சூத்திரம் எதுவுமில்லை. வழக்கமான 12 வோல்ட் காந்தம் ஒன்று சுமார் 3 ஆம்பியர் வாங்கும். நான்கு சக்கரத்துக்கு 12. ஒன்பதுதான் காட்டுகிறதா? ஒரு காந்தம் உறங்குகிறது. ஒன்றுமே காட்டவில்லையா? பிளக்கையும் பொதுக் கம்பியையும் பாருங்கள். முக்கியமாக எர்த் கம்பி துருப்பிடித்திருக்கும். அளவு மீறுகிறதா? எங்கோ உறை தேய்ந்து, கம்பி இரும்புச் சட்டத்தைத் தொடுகிறது.

சமவெளியில் இந்தத் துரு ஒளிந்தே கிடக்கும். இறக்கம் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். அங்கே கண்டுபிடிப்பது காலங்கடந்த ஞானம். சோதிக்க வேண்டிய இடம், வண்டி இன்னும் புறப்படாமல் நிற்கும் இடந்தான்.