சோம்புத் தண்ணியும் ஒரு ஈஸ்ட்ரோஜன் ரிப்போர்ட்டும்

கொஞ்சம் நீளமான இழை. வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் முழுசா படிச்சிடுங்க.

திண்டிவனம் பக்கத்துக் கிராமத்தில் இருந்து ஒரு ஆயா, ஒன்றரை வயசுப் பேத்தியைத் தூக்கிக்கிட்டு ஓ.பி.க்கு வந்தாங்க. குழந்தைக்கு ஒரு பக்க மார்பு சின்ன நெல்லிக்காய் அளவுக்குத் தடிச்சிருந்தது. விழுப்புரத்தில் ஒரு தனியார் லேபில் எடுத்த ரிப்போர்ட்டும் கையில் இருந்தது. ஈஸ்ட்ரடையால்: 20 பிகோகிராமுக்குக் கீழே.

"வயிறு உப்பாம இருக்கத்தான் சார் தினமும் சோம்புத் தண்ணி குடுத்தேன். என்னாலதான் இப்படி ஆச்சுன்னு மருமவ பேசவே மாட்டேங்குறா."

ஆயா மேல தப்பு இருக்கா? அந்த ரிப்போர்ட் பதில் சொல்லாது. ஏன்னு தெரிஞ்சுக்க நூறு வருசம் பின்னாடி போகணும்.

1923. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்தில் எட்கர் ஆலன், எட்வர்ட் டாய்ஸி என்ற இருவர், சினைப்பை எடுத்துவிட்ட எலிகளுக்குப் பன்றிச் சினைப்பையின் நீரை ஊசியில் ஏற்றினார்கள். எலியின் பிறப்புறுப்பு செல்கள் மாறினால், உள்ளே போனதில் பெண் ஹார்மோன் வேலை இருக்கிறது என்று அர்த்தம். எந்தப் பொருள் என்று எலிக்குத் தெரியாது, அது என்ன வேலை செய்கிறது என்று மட்டும் காட்டும். பிறகு அதே டாய்ஸி குழு டன் கணக்கில் பன்றிச் சினைப்பைகளைக் கரைத்து எடுத்த ஈஸ்ட்ரடையால் சில மில்லிகிராம்தான்!

இங்கேதான் நம்ம சோம்பு வருது. சோம்பின் வாசனைக்குக் காரணம் அனெத்தோல். அதிலிருந்து செய்த அனால் என்ற பொருள் எலியில் பலமாக வேலை செய்கிறது என்று 1937இல் லண்டனில் சார்லஸ் டாட்ஸ் அறிவித்தார். மற்றவர்கள் செய்தபோது அது சரியா வரலை. வேலை செய்தது அனால் இல்லை, கூடவே இருந்த கலப்படம். அந்தத் தடத்தைப் பிடிச்சுப் போய் 1938இல் டாட்ஸ் குழு செய்ததுதான் ஸ்டில்பெஸ்ட்ரால் மாத்திரை. கருச்சிதைவைத் தடுக்கும் என்று நம்பி கர்ப்பிணிகளுக்கு அதைக் கொடுத்தார்கள். அவர்களுக்குப் பிறந்த பெண்களில் சிலருக்கு அரிய வகைப் புற்றுநோய் வருவது 1971இல் தெரிந்தது. (பயந்துடாதீங்க, சோம்பு வேற, ஸ்டில்பெஸ்ட்ரால் வேற.)

அடுத்து ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும். கதிரியக்கம் ஏற்றிய ஹார்மோனும் ஆன்டிபாடியும் வைத்து, துளி ரத்தத்தில் இன்சுலினை அளந்து காட்டினார்கள். யாலோவுக்கு 1977இல் நோபல் பரிசு. பெர்சன் அதற்கு 5 வருடம் முன்பே இறந்துட்டார். இந்த வழி ஈஸ்ட்ரடையாலுக்கும் வந்தது, எலிகள் தப்பித்தன. ஆனால் ஆன்டிபாடி பார்ப்பது பொருளின் உருவத்தை, வேலையை இல்லை. மூலிகையில் இருக்கும் வேறொரு பொருள் ஈஸ்ட்ரோஜன் மாதிரி நடித்தாலும் அது கண்டுகொள்ளாமல் போகலாம்.

அதோட குழந்தைகளின் அளவு ரொம்பக் குறைவு. 1994இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஈஸ்ட்டுக்குள் மனித ஈஸ்ட்ரோஜன் ஏற்பியை வைத்து அளந்தார்கள். பருவமடையாத பெண் குழந்தைகளுக்குச் சராசரி 0.6 பிகோகிராம், பையன்களுக்கு 0.08. ஆமாங்க, பசங்களுக்கும் உண்டு.

இப்ப "20க்குக் கீழே" என்பதைத் திரும்பப் பாருங்க. கமிட்டியில் நெல் மூட்டை போடும் எடைமேடையில் மூக்குத்தியை வெச்சா என்ன காட்டும்? சைபர்தான். அதுக்காக மூக்குத்தியே இல்லைன்னு ஆயிடுமா?

சோம்பு டீ குடித்த குழந்தைகளுக்கு மார்பு வளர்ந்ததாகத் துருக்கி மருத்துவர்கள் 2008இல் எழுதினார்கள். நிறுத்தியதும் குறைந்ததாம். ஆனால் 2 வயசுக்குள் வரும் மார்பு வளர்ச்சி பெரும்பாலும் எதையும் நிறுத்தாமலேயே தானா வடிஞ்சிடும். அதனால் அதை வெச்சு சோம்பைக் கழுவிலேற்ற முடியாது.

நான் செய்தது இதுதான். உயரம், எடை அளந்தேன், வளர்ச்சி அட்டையில் குறித்தேன். மார்பு வளர்ச்சியைப் படிப்படியாகப் பிரித்து 1969இல் ஜேம்ஸ் டானர் எழுதிவைத்த முறைப்படி கையால் தொட்டுப் பார்த்தேன். சோம்புத் தண்ணியை நிறுத்தச் சொன்னேன், அந்தக் குழந்தைக்கு அது தேவையே இல்லை. மூணு மாசம் கழிச்சு மருமகளையும் கூட்டிட்டு வாங்க ஆயான்னேன்.

உடனே டாக்டர்கிட்ட வர வேண்டியது: 8 வயசுக்குள் மார்பு வளர்ந்துகிட்டே போனால், திடீர்னு உயரம் கூடினால், ரத்தக்கசிவு இருந்தால். பையன்களுக்கு 9 வயசுக்குள் பருவ மாற்றம் தெரிந்தாலும் வரணும். பிறந்த குழந்தைக்கு மார்பு வீங்கிப் பால் கசிந்தால் அது அம்மாவின் ஹார்மோன். தயவுசெய்து பிதுக்காதீங்க, சீழ் வெச்சிடும்.

மூணு மாசத்தில் வந்தாங்க. கட்டி பாதியா குறைஞ்சிருந்தது, உயரம் அதே கோட்டில்தான் போகுது. சோம்பை நிறுத்தினதாலயான்னு மருமகள் கேட்டாங்க. இருக்கலாம், தானாகவும் குறைஞ்சிருக்கலாம், உங்க அத்தை மேல பழி போட இதில் ஆதாரம் இல்லைம்மான்னேன். குழந்தையை வாங்கி ஆயா இடுப்பில் வெச்சுட்டு, பஸ்ஸுக்குக் காசு எண்ண ஆரம்பிச்சாங்க.