மார்பகப் பெருக்க அறுவை
மார்புத் திசுவுக்கோ தசைக்கோ அடியில் பை வைத்து மார்பகத்தைப் பெரிதாக்கும் அறுவை. பையின் மேலுறை சிலிக்கோன் ரப்பர். உள்ளே சிலிக்கோன் ஜெல் அல்லது உப்புநீர். 1962இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் தாமஸ் க்ரோனின், ஃபிராங்க் ஜெரோ என்ற மருத்துவர்கள் ஒரு பெண்ணுக்கு முதல் ஜெல் பையைப் பொருத்தினர். அந்தப் பெண் வந்ததென்னவோ பச்சை குத்தியதை அழிக்கத்தான்.

முதலில் அறிய வேண்டியது, இது ஆயுளுக்கும் நிலைக்கும் பொருள் அல்ல. பையைச் சுற்றி உடல் தழும்புத் திசுவால் ஓர் உறை கட்டிக்கொள்ளும். சிலருக்கு அது இறுகி, மார்பகம் பந்துபோல் கெட்டிப்பட்டு வலிக்கும். மறு அறுவைக்கு இது முக்கியக் காரணம். உப்புநீர்ப் பை கிழிந்தால் சுருங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். ஜெல் பை கிழிந்தது தெரியாமலே இருக்கலாம். அதனால் 5, 6 ஆண்டுகளில் தொடங்கி, பின் 2, 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்டோ எம்.ஆர்.ஐ.யோ எடுக்கச் சொல்கிறது அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம். சொரசொரப்பான மேலுறையோடு அரிய நிணநீர்ப் புற்று ஒன்று தொடர்புபட்டதால், 2019இல் ஒரு வகைப் பைகள் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டன. காம்பின் உணர்வும் தாய்ப்பால் சுரப்பும் குறையலாம். மேமோகிராம் எடுப்பவரிடம் பை இருப்பதை முன்கூட்டியே சொல்ல வேண்டும்.