நாவில் எழுதிய வரலாறு
ஆசியப் பயணிகள் கண்ட ஊரும் உணவும்

கோயிற் சுவர்களிலும் கற்றூண்களிலும் நாம் படிக்கும் வரலாறு பெரும்பாலும் வென்றவர் பெயரையும் கொடுத்தவர் பெயரையும் சொல்வது. இறைவனுக்குப் படைக்கும் திருவமுதுக்கு எத்தனை நாழி அரிசி, எத்தனை உழக்கு நெய் என்று கணக்கிட்டுச் சொல்லும் கல்வெட்டும், அந்த ஊரார் வீட்டு உலையில் அன்று என்ன கொதித்தது என்பதைச் சொல்வதில்லை. அதை அறிய வேண்டுமானால் நாம் வேறொருவரை நாட வேண்டும். தொலைவிலிருந்து வந்து, பசியோடு இலைமுன் அமர்ந்து, உண்டதையும் கண்டதையும் மறவாமல் எழுதிவைத்த அயலூர்ப் பயணியே அவர்.

ஊர் சுற்றுவோர் அந்தந்த ஊர் உணவைச் சுவைத்து மகிழ்வதை வெறும் நாச்சுவை என்று ஒதுக்குவோர் உண்டு. ஆசியாவின் பழைய பயண நூல்களைப் படிப்போர் அவ்வாறு எண்ணமாட்டார்கள். அந்நூல்களில் எளிய மக்கள் நம் கண்முன் வந்து நிற்கும் இடங்கள் பெரும்பாலும் உணவைப் பற்றிய இடங்களே.

சந்தையில் ஒலித்த கட்டை

கி.பி. 399இல் சீனத்திலிருந்து கால்நடையாகப் புறப்பட்டவர் பாகியான். பௌத்த ஒழுக்க நூல்களைத் தேடி வந்த முதிய துறவி அவர். கங்கைச் சமவெளியின் மக்கள் உயிர்க்கொலை செய்வதில்லை, மது அருந்துவதில்லை, வெங்காயமும் பூண்டும் உண்பதில்லை என்று அவர் எழுதுகிறார். இவ்வளவோடு நின்றிருந்தால் அது ஒரு புகழுரை. அவர் நிற்கவில்லை. சண்டாளர் என்போர் ஊருக்குப் புறத்தே தனித்து வாழ்ந்ததையும், நகருக்குள்ளோ சந்தைக்குள்ளோ நுழையும்போது பிறர் விலகிச் செல்லுமாறு ஒரு கட்டையைத் தட்டி ஒலியெழுப்ப வேண்டியிருந்ததையும், மீனும் இறைச்சியும் விற்றவர் அவர்களே என்பதையும் அடுத்த வரியிலேயே குறித்துவிடுகிறார். எது உணவு என்று கேட்டவர், யார் ஒதுக்கப்பட்டவர் என்பதையும் கண்டுகொண்டார். குப்தர் காலத்தைப் பொற்காலம் என்று பாடநூலில் படித்த நமக்கு அந்தக் கட்டையின் ஓசை கேட்க வேண்டும்.

பின்னர் அவர் இலங்கையில் ஈராண்டுகள் தங்கினார். உடன் வந்தவர்களில் சிலர் இறந்தும் சிலர் பிரிந்தும் போயிருந்தனர். அனுராதபுரத்துப் பச்சைக்கல் புத்தர் சிலையின்முன் யாரோ ஒரு வணிகர் காணிக்கையாக வைத்த சீனத்து வெண்பட்டு விசிறியைக் கண்டதும் தம் கண்கள் நிறைந்துவிட்டதாக எழுதுகிறார். நாடு திரும்பிய கப்பலில் நன்னீர் குறைந்தது. கடல்நீரால் சமைத்து, குடிநீரை ஆளுக்குச் சிறிது சிறிதாகப் பங்கிட்டனர். 412இல் சீனக் கரையில் இறங்கியபோது தழைத்திருந்த காய்கறிகளைக் கண்டபின்னரே தாய்நாட்டுக்கு வந்துவிட்டோம் என்று அவர்கள் தெளிந்தனர். ஊரின் முதல் அடையாளம் அதன் கீரைதான்!

பலாவும் தையல் இலையும்

629இல் புறப்பட்டு 645இல் நாடு திரும்பிய யுவான் சுவாங்கை நாம் நாலந்தாவோடும் காஞ்சிபுரத்தோடும் சேர்த்தே நினைக்கிறோம். அந்தப் பேரறிஞர் வங்கத்தின் புண்டரவர்த்தனத்தில் ஒரு பலாப்பழத்தின்முன் நின்றுவிடுகிறார். பூசணியளவு பெரியது, பழுத்தால் செம்மஞ்சள் நிறம் கொள்வது, பிளந்தால் உள்ளே நாரையின் முட்டையளவில் பல சுளைகள், அவற்றின் சாறு மிக இனிது. கிளைகளிலும் காய்க்கும், வேரிலும் காய்க்கும். பலாவைக் கண்டிராத தம் மக்களுக்கு அதைக் காட்டிவிட வேண்டும் என்ற தவிப்பு அவருடைய எழுத்தில் தெரிகிறது. இந்தியர் கையாலேயே உண்பர், நோயுற்றபோது செப்புக் கரண்டியால் உண்பர் என்ற குறிப்பும் அவருடையதே. நாலந்தாவில் அவருக்கு நாள்தோறும் பாக்கும் கருப்பூரமும், கறுத்த மொச்சையின் அளவு பருத்து மணம் வீசிய மகாசாலி அரிசியும் அளிக்கப்பட்டதாக அவர் மாணாக்கர் எழுதிய வாழ்க்கை வரலாறு கூறுகிறது. மகதத்தில் மட்டும் விளைந்த அந்த அரிசி அரசர்க்கும் சான்றோர்க்கும் மட்டுமே உரியதாம்.

அவருக்குப் பின் 671இல் பாரசீகக் கப்பலேறி வந்தவர் இத்சிங். இருபது நாட்களுக்குள் சுமத்திராத் தீவின் ஸ்ரீவிஜயத்தை அடைந்து, ஆறு திங்கள் வடமொழி இலக்கணம் பயின்று, பின் நாலந்தா சென்றார். பயணிகளுள் பந்தி நடைமுறையை இத்துணை நுணுக்கமாக எழுதியவர் அரியர். சிறுசிறு தனி மணைகளில் அமர்ந்து உண்ணும் வழக்கம், உண்ணுமுன் கைகால் கழுவுதல், ஒரு கவளம் எடுத்துவிட்டாலே அக்கலம் தூய்மை இழந்ததாகக் கருதுதல் ஆகியவற்றைத் தம் நாட்டாருக்கு அவர் விளக்குகிறார். நாம் 'எச்சில்' என்னும் ஒரே சொல்லால் சொல்லிவிடுவதை விளக்க அவருக்குப் பல பத்திகள் தேவைப்பட்டன. தென்கடல் தீவுகளின் விருந்தில் முதலில் பாக்கும் நறுமண எண்ணெயும் வழங்கப்பட்டதையும், இலைகளைத் தைத்து இணைத்த அகன்ற கலங்களில் உணவு படைக்கப்பட்டதையும் அவர் குறித்துள்ளார். மந்தாரை இலையைத் தைத்துப் பந்தியில் போட்ட நம் பாட்டிமார் இதைப் படித்திருந்தால், கடலுக்கப்பால் இருந்தவரையும் உறவுமுறை சொல்லி அழைத்திருப்பர்.

தயிர் வந்தால் விருந்து முடிந்தது

மொராக்கோவின் டான்ஜியரிலிருந்து 1325இல், இருபத்தொன்றாம் அகவையில் புறப்பட்ட இபின் பதூதா ஆசியாவின் பெரும்பகுதியைச் சுற்றியவர். இன்றைய கருநாடகக் கடற்கரையிலுள்ள ஹோனாவரில் சுல்தானுடன் உண்ட விருந்தை அவர் வரிசை பிறழாமல் சொல்கிறார். 'தாலம்' என்று அவர்கள் அழைத்த செப்புத் தட்டு வைக்கப்படுகிறது. பெரிய செப்பகப்பையால் சோறு இட்டு அதன்மேல் நெய் ஊற்றுகின்றனர். தொட்டுக்கொள்ள ஊறவைத்த மிளகுக்கொத்து, பச்சை இஞ்சி, எலுமிச்சை, மாங்காய். அடுத்தடுத்துக் கோழியும் மீனும் நெய்யிலும் பாலிலும் வெந்த காய்கறிகளும் வருகின்றன. இறுதியில் தயிர். தயிர் வந்துவிட்டால் இனி உண்பதற்கு வேறொன்றும் இல்லை என்று அறிந்துகொள்ளலாம் என்கிறார். ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு மொராக்கியர் எழுதிய இந்த வரியைப் படிக்கும் தமிழர் எவருக்கும் உரைநூல் வேண்டியதில்லை.

அவர் எல்லாவற்றையும் மெச்சியவரும் அல்லர். மாலத்தீவு, இலங்கை, சோழமண்டலக் கரை, மலபார் ஆகிய இடங்களில் மூன்றாண்டுகள் சோறே உண்டு, கடைசியில் தண்ணீர் குடித்தே அதை விழுங்க வேண்டியதாயிற்று என்று அலுத்துக்கொள்கிறார். கோதுமை ரொட்டியில் வளர்ந்தவரின் இந்த அலுப்பே அவர் சான்றின் நேர்மைக்கு அடையாளம்.

மதுரைச் சுல்தான் கியாசுத்தீனுடன் உண்ட உணவையோ அவரால் சுவைக்க முடியவில்லை. சுல்தான் உண்டுகொண்டிருக்கிறார், வலப்புறம் நீதிபதி, இடப்புறம் இபின் பதூதா. சிறைப்பட்ட ஒருவரும் அவர் மனைவியும் ஏழு வயது மகனும் கொண்டுவரப்படுகின்றனர். உண்ட இடத்திலிருந்தே சுல்தான் ஆணையிட, மூவரும் வெட்டுண்டனர். இபின் பதூதா முகத்தைத் திருப்பிக்கொண்டார். எழுந்தபோது தலைகள் தரையில் கிடந்தன. அச்சுல்தானின் மனைவியும் இபின் பதூதாவின் மனைவியும் உடன்பிறந்தவர்கள். எனினும் இந்த உறவும் விருந்தும் அவரை வாய்மூட வைக்கவில்லை. வேறெந்த மன்னரிடமும் தாம் காணாத கொடுமை இது என்று எழுதிவைத்தார். உண்ட வீட்டின் சுவையை எழுதுபவர் அவ்வீட்டின் குருதியையும் எழுதக் கடமைப்பட்டவர். சுற்றுலா விளம்பரத்துக்கும் பயண இலக்கியத்துக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

மும்மொழிக் கல்லும் மொழிபெயர்ப்பாளரின் ஏடும்

1405 முதல் 1433 வரை சீனத் தளபதி செங் ஹோ பெருங்கப்பற் படையோடு ஏழுமுறை இந்தியப் பெருங்கடலுக்கு வந்தார். 1409ஆம் ஆண்டைக் குறிக்கும் அவருடைய மும்மொழிக் கல்வெட்டு 1911இல் காலித் துறைமுக நகரில் கண்டெடுக்கப்பட்டது. சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தெனாவரை நாயனாருக்கும், பாரசீகப் பகுதி அல்லாவுக்கும் காணிக்கை சொல்கின்றன. பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் எனப் பட்டியல் நீள்கிறது. கொழும்பு அருங்காட்சியகத்தில் அக்கல்லை இன்றும் காணலாம். முச்சமயத்தையும் வணங்கிய அதே தளபதி, 1411இல் இலங்கை அரசர் ஒருவரைச் சிறைபிடித்துச் சீனத்துக்குக் கொண்டுசென்றார் என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

அந்தப் படையில் 1413 முதல் மொழிபெயர்ப்பாளராக வந்தவர் மா ஹுவான். இலங்கை மக்களுக்கு நெய்யும் பாலும் இன்றி உணவில்லை, அவர்கள் பிறர் பார்வை படாத இருட்டில் மறைவாக உண்பர், வெற்றிலை பாக்கு அவர்கள் வாயை விட்டு நீங்குவதில்லை என்கிறார். கள்ளிக்கோட்டையில் தென்னையின் பயன் பத்து என்று எண்ணிச் சொல்கிறார். சுமத்திராவில் டுரியான் பழத்தைக் காண்கிறார். முள் நிறைந்த தோல். அழுகிய மாட்டிறைச்சியின் நாற்றம். உள்ளேயோ மிக இனிய வெண்சுளைகள். கொட்டையையும் வறுத்துத் தின்னலாம். மூக்கு மறுத்ததை நாவிடம் கொடுத்துப் பார்க்கும் துணிவு இருந்ததால்தான் அந்த இனிமை அவருக்குக் கிட்டியது. தளபதியின் கல் காணிக்கையை மட்டும் சொல்ல, மொழிபெயர்ப்பாளரின் ஏடு மக்களைச் சொல்கிறது.

'உள்ளூர்' உணவு எது?

இபின் பதூதாவின் இலையில் மிளகு உண்டு, மிளகாய் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1498இல் வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டையில் இறங்கிய பின்னரே, போர்த்துகீசிய வணிகத்தின் வழியே அது இங்குப் பரவியது. கொரியாவின் கிம்ச்சி சிவந்ததும் அதன் பிறகே. சாத்தே இறைச்சியோடு தொட்டுக்கொள்ளும் குழம்பின் நிலக்கடலையும் அமெரிக்காவிலிருந்து வந்ததே. சப்பானின் தெம்புராவும், தாய்லாந்தில் பொன்னிழை எனப் பொருள்படும் 'போய் தோங்' என்னும் முட்டை இனிப்பும் போர்த்துகீசியர் கைப்பக்குவத்தின் வழி வந்தவை. மலாய் மொழியின் 'காரி' நம் 'கறி'. பினாங்கின் 'நாசி கண்டார்' தமிழ் முஸ்லிம் வணிகர் காவடிபோல் தோளில் சுமந்து விற்ற சோறு. இன்று பயணி ஒருவர் 'இவ்வூருக்கே உரியது' என்று வியந்து உண்பதில் பாதி, முன்னொரு பயணி இறக்கிவைத்த மூட்டைதான். இதனால் அவ்வூரின் பெருமை குறைவதில்லை. வந்ததைத் தனதாக்கிக்கொண்ட கைகளுக்கே பெருமை.

கிம்ச்சியை ஊர்கூடி ஊறவைக்கும் வழக்கத்தை யுனெஸ்கோ 2013இல் தென்கொரியாவின் பெயராலும் 2015இல் வடகொரியாவின் பெயராலும் மானுட மரபாகப் பதிவுசெய்தது. எல்லை பிரித்த மக்களைச் சாடி பிரிக்கவில்லை. சிங்கப்பூரின் அங்காடி உணவு மரபும் 2020இல் அப்பட்டியலில் இடம்பெற்றது. தெருவோரம் அடுப்பு மூட்டியவர்களின் உழைப்புக்கு அரசுகளே சான்றிதழ் கேட்கும் காலம் இது.

நம்மவர் விட்டுச்சென்றவை

இனி நம் கணக்கைப் பார்ப்போம். தமிழர் கடலோடிகள் என்பதில் ஐயமில்லை. தாய்லாந்தின் தக்குவாபாவில் 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒரு குளத்தையும் அதைக் காத்த மணிக்கிராமத்தாரையும் சொல்கிறது. சுமத்திராவின் பாருசில் 1088ஆம் ஆண்டுக் கல்வெட்டு திசையாயிரத்து ஐநூற்றுவரையும் அவர்கள் விதித்த தீர்வையையும் சொல்கிறது. சீனத்துச் சுவான்சௌவில் 1281ஆம் ஆண்டுக் கல்வெட்டு அங்கெழுந்த சிவன் கோயிலைச் சொல்கிறது. குளம், தீர்வை, கோயில்: மூன்றும் கிடைத்துள்ளன. ஆனால் பாருசின் கரையில் இறங்கிய நாகப்பட்டினத்து வணிகர் முதன்முதலாக டுரியானைப் பிளந்தபோது முகம் சுளித்தாரா, சிரித்தாரா? சுவான்சௌவின் பனிக்காலத்தில் நம்மவர் எதைச் சோறென்று உண்டனர்? அக்கல்வெட்டுகளில் இவற்றுக்கு விடையில்லை. நம் தயிரைப் பற்றி மொராக்கியர் எழுதினார். நம் பலாவைப் பற்றிச் சீனர் எழுதினார். அவர்கள் ஊரில் நாம் உண்டதைப் பற்றி நம் கற்கள் ஒரு வரியும் சொல்லவில்லை.

இருபதாம் நூற்றாண்டில் இக்குறையைத் தீர்க்க முனைந்தவர்களுள் ஏ.கே. செட்டியார் (1911–1983) முன்னவர். 'உலகம் சுற்றும் தமிழன்' என்று பெயர் பெற்ற அவர், எளிய நடையில், தன்னை முன்னிறுத்தாமல் ஊரையும் மக்களையும் எழுதினார். அவ்வழியில் நடக்க இன்னும் இடமிருக்கிறது.

பத்தாண்டு நிறைவு காணும் நம் வட்டத்தின் கவிஞர்களுக்கு இதையே விண்ணப்பமாக வைக்கிறேன். முன்னெப்போதையும்விட மிகுதியாக இன்று நாம் பயணம் செய்கிறோம். பினாங்குக்கும் பாங்காக்குக்கும் கியோத்தோவுக்கும் போய் வருகிறோம். கோபுரத்தையும் கோட்டையையும் படமெடுத்துத் திரும்புகிறோம். அடுத்தமுறை செல்லும்போது அங்காடியில் நமக்குப் பரிமாறும் அம்மாவிடம் அந்த உணவின் பெயரைக் கேட்டு, ஒலி சிதையாமல் எழுதிக்கொள்வோம். எதனோடு எதைச் சேர்த்தார், எதைக் கடைசியில் பரிமாறினார், அந்தப் பந்தியில் யாருக்கு இடமில்லை என்பவற்றையும் குறித்துக்கொள்வோம். உண்டது பிடிக்கவில்லையென்றால் இபின் பதூதாவைப் போல் அதையும் எழுதலாம். எழுநூறு ஆண்டுகள் கழித்து அவ்வூரார் ஒருவர் தம் பாட்டியின் அடுப்பைத் தேடும்போது, அது ஒரு தமிழ்க் கட்டுரையில் கிடைக்கட்டும்.