கங்கை மீன் தந்த சான்று

வளர்ந்தோர் மூளையில் நரம்புக் கலங்கள் மடியும், மீண்டும் பிறப்பதில்லை. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்பெயின் தேசத்து அறிஞர் ரமோன் இ கஹால் வழங்கிய இத்தீர்ப்பே நெடுங்காலம் கோலோச்சியது. எலி மூளையில் புதிய கலங்கள் தோன்றுவதாக 1962இல் ஜோசப் ஆல்ட்மன் எழுதியபோதும் அறிஞருலகம் செவிசாய்க்கவில்லை.

வலிய மறுப்புச் சான்றொன்றை, விரல் நீளமும் இல்லாத வரிமீன் அளித்தது. நம் மலைநாட்டு ஓடைகளிற் பிள்ளைகள் துண்டால் அள்ளும் சிறுமீன்களுக்கு அது தூரத்து உறவு. கங்கை மீன்களைப் பற்றிய தமது 1822ஆம் ஆண்டு நூலில் அதனை விவரித்தவர் கம்பெனி மருத்துவர் பிரான்சிஸ் ஹமில்டன். புக்கானன் என்னும் பெயருடன் முன்னர் கொங்கு நாட்டையும் சுற்றிப் பார்த்தவர் இவரே. பின்னாளில் அம்மீனை ஆய்வுக்கூடத்திற்கு உரியதாக்கியவர் அமெரிக்காவின் ஒரிகன் பல்கலைக்கழகத்து ஜோர்ஜ் ஸ்ட்ரைசிங்கர். அவரது புகழ்பெற்ற கட்டுரை 1981இல் வெளியாயிற்று.

வளர்ந்த வரிமீனின் மூளையில் 16 இடங்களிற் கலங்கள் ஓயாது பிறப்பதை 2006இல் ஜேர்மானிய ஆய்வாளர் காட்டினர். காயம் பட்டாலோ? மனித மூளையில் தழும்பு படிந்து தடையாகிறது. மீனிலோ, காயத்தால் எழும் அழற்சியே தாங்கு கலங்களைப் பிளவுறச் செய்து, புதிய நரம்புக் கலங்களை ஈனச் செய்கிறது. 2012இல் வெளிவந்த ஆய்வொன்று இதனை நிறுவியது. பக்கவாதத்தாற் படுக்கையுற்றோரை உடையவர்கள் இச்செய்தியின் பெறுமதியை உணர்வர். தாங்கு கலங்கள் நம் மூளையிலும் உண்டு. அவை தழும்பை மட்டும் நெய்வதேன் என்பதையே ஆய்வாளர் இன்று தேடுகின்றனர்.